வீட்டில் துவைப்பது யார்

ஜூன் 9, சனி

இந்த நோட்டு பிருந்தாவின் உத்தரவு. மருந்து, காய்ச்சல், சாப்பாடு எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் டாக்டர் கேட்கும்போது நான் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பேனாம். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் தங்கி பி.காம். இரண்டாம் வருடம் படிக்கிறாள், அதற்குள் பெற்ற அப்பனுக்கே வாத்தியார்.

சரி, எழுதித் தொலைக்கிறேன். என் பெயர் நாச்சிமுத்து. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். பனியன் துணிக்கு என்ன நிறம் கேட்கிறார்களோ அதே நிறத்தைக் கொண்டுவந்து நிறுத்துவது என் வேலை. துண்டுத் துணியைக் காட்டினால் போதும், எந்தப் பொடி எத்தனை கிராம் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவேன். என் வீட்டுக்காரி சாரதாமணிக்கு இடது மார்பில் கட்டி. ஊசியில் எடுத்துப் பார்த்து, அது அதுதான் என்று நேற்று சொல்லிவிட்டார்கள்.

மூன்று மாதமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"புள்ளைக்குப் பரீச்சை முடியட்டும்னு இருந்தனுங்க" என்றாள்.

கோபத்தில் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டேன். பிறகு நானே உட்கார்ந்து பருக்கை பருக்கையாகப் பொறுக்கினேன்.

ஜூன் 13, புதன்

அடுத்த புதன்கிழமை கோயம்புத்தூரில் ஆபரேஷன். அதுவரை அவள் அடுப்படிக்குப் போகக் கூடாது என்று சட்டம் போட்டேன். ரசம் வைத்தேன். புளிக்கும் மிளகாய்த்தூளுக்கும் அளவு தெரியவில்லை. பட்டறையில் ஐந்நூறு கிலோ துணிக்கு ஒரு கிராம் பிசகாமல் நிறுத்துப் போடுகிறவன் நான்.

ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்: "ஷேடு நல்லா வந்துருக்குதுங்க மாஸ்டர். ருசிதான் வரல."

சிரித்தோம். வாசலில் பால்காரர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

ஜூன் 19, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. ரத்தம், எக்ஸ்ரே, ஈ.சி.ஜி. மத்தியானம் ஒரு பெண் வந்தாள். ஆக்னஸ் என்று பெயர், நாகர்கோவில் பக்கம். இந்த ஆஸ்பத்திரியிலேயே ஆராய்ச்சி செய்கிறாளாம். ஆபரேஷனில் எடுக்கிற மார்பில், கட்டியை விட்டுத் தள்ளியிருக்கும் நல்ல சதையில் கொஞ்சம் தருவீர்களா என்று கேட்டாள்.

"அது எதுக்கு கண்ணு?" என்றாள் சாரதா.

"மார்புல கொழுப்பு ஜாஸ்தி, ஆன்ட்டி. நாம சாப்பிடுதது, மூச்சுல இழுக்கது, தோல்ல படுதது, இதுல சிலது அந்தக் கொழுப்புல போய்த் தங்கிரும். தங்கினது செல்லுக்குள்ள இருக்க டி.என்.ஏ.வ உடைக்குதான்னு பார்க்கோம். உடைச்சா கேன்சர் வருமான்னு இன்னும் யாருக்கும் உறுதியா தெரியாது. அதத் தெரிஞ்சுக்கத்தான் இது."

"எப்புடியும் தூக்கித்தான போடப் போறாங்க. எடுத்துக்க சாமி. நாலு பேத்துக்கு ஆகட்டும்."

பிறகு ஒரு ஃபாரம். அதற்குள் சாரதாவை ஈ.சி.ஜி.க்குக் கூட்டிப்போய்விட்டார்கள். நீங்களே சொல்லுங்கள் அங்கிள் என்று ஆக்னஸ் என்னிடம் கேட்க ஆரம்பித்தாள். தலைக்கு மை போடுவார்களா? கறியைக் கருக வறுப்பார்களா? வீட்டில் பீடி, சிகரெட் உண்டா? காட்டு வேலைக்குப் போய்ப் பூச்சிமருந்து அடித்ததுண்டா? எல்லாவற்றுக்கும் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"வீட்டுல யாராவது சாயம், பெயின்ட், தோல் தொழில்ல இருக்காங்களா?"

"இல்லீங்க. நான் பனியன் கம்பெனில மேனேஜர். ஆபீஸ் வேலை."

"வேலைக்குப் போட்டுட்டுப் போற துணிய வீட்டுல துவைக்கது யாரு?"

"லாண்டரிக்குப் போயிருதுங்க."

சாயத்தொழில்காரனிடம் எவனாவது ஃபாரத்தை நீட்டி சாயம் பற்றிக் கேட்டால் வாய் தானாக "இல்லீங்க" என்றுதான் சொல்லும். மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ்காரர்கள் எந்த வேஷத்தில் வருவார்கள் என்று சொல்ல முடியாது. ஆற்றில் சாயக் கழிவு விடுவதாகக் கோர்ட் பட்டறைகளை மூடிய வருடம் எத்தனை பேர் இப்படி வாயைக் கொடுத்து மாட்டினார்கள்! முப்பது வருடப் பழக்கம்.

சாரதா திரும்பி வந்ததும் ஆக்னஸ் எல்லாவற்றையும் அவளுக்குப் படித்துக் காட்டினாள். ஆபீஸ் வேலை, லாண்டரி. சாரதா என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"ஆமாங்க. அப்புடித்தான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

ஜூன் 20, புதன்

ஆபரேஷன் முடிந்தது. நான்கு மணி நேரம். இரண்டு தடவை டீ வாங்கினேன், இரண்டையும் குடிக்கவில்லை.

ஜூன் 23, சனி

அவள் விலாவிலிருந்து ஒரு குழாய், நுனியில் ஒரு பாட்டில். வடிவதை அளந்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். முதல் நாள் 110 மில்லி, நல்ல சிவப்பு. நேற்று 80, இளஞ்சிவப்பு. இன்று 55, வைக்கோல் நிறம். நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாக யாரும் எழுதுவதில்லை என்றாள். நிறத்தை எழுத எனக்குச் சொல்லித்தர வேண்டுமா?

சாரதா கட்டுப் போட்ட பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்கிறாள், இந்த வெக்கையில்.

ஜூலை 2, திங்கள்

வீட்டுக்கு வந்து நான்கு நாள். மாத்திரைகள் காலை 3, இரவு 4. காய்ச்சல் இல்லை.

இன்று முதல் பட்டறையிலேயே குளித்து, துணி மாற்றிக்கொண்டு வருகிறேன். வேலைச் சட்டையை அங்கேயே அலசிக் காயப்போடுகிறேன். காரணம் ஒன்றுமில்லை. அவளால் கையைத் தூக்க முடியாது, வேறு யார் துவைப்பது?

கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. சாயங்காலம் நான் சட்டையைக் கழற்றிப் போட்டதும் அவள் மற்ற துணியோடு சேர்க்காமல் தனியாக வாளியில் அலசுவாள். வடிகிற தண்ணீரைப் பார்த்து, "இன்னிக்கு மெரூனுங்களா?" என்பாள். "நேவி புளூவும் ஓடுச்சாட்ட?" என்பாள். ஒரு நாளும் தவறாது. நான் கட்டிலில் சாய்ந்தபடி "உன்னைய மாஸ்டரா போட்டிருக்கோணும் போ" என்பேன். இருபத்திரண்டு வருடம்.

இன்று சுத்தமான சட்டையோடு உள்ளே வந்தபோது கேட்டாள்: "இன்னிக்கு என்ன கலருங்க?"

"வெள்ளை" என்றேன்.

"வெள்ளைக்கு எதுக்குங்க மாஸ்டரு?" என்றாள்.

ஜூலை 18, புதன்

முதல் கீமோ. ஆறு தடவை வாந்தி. பாட்டிலில் இருந்த மருந்து நல்ல சிவப்பு. அது சொட்டுச் சொட்டாக அவள் கைக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதி பாட்டிலிலேயே எழுந்துவிட்டேன். வெளியே போய் நின்றுவிட்டேன். பிருந்தா கோபித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 3, வெள்ளி

ஆடிப்பெருக்கு. தலையணை முழுக்க முடி. மொட்டையடித்துவிடு என்றாள். பிருந்தா அழுதுகொண்டே செய்தாள். நான் தேங்காய் வாங்கப் போகிறேன் என்று கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் தேங்காய் இல்லாமல் திரும்பினேன்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

சாரதா தூங்குகிறாள். பிருந்தா கோயிலுக்குப் போயிருக்கிறாள். இதை எங்காவது எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

வெளிநாட்டுக்குத் துணி போகும்போது ஒரு சர்டிபிகேட் கேட்பார்கள். சில சாயங்கள் உடைந்தால் அமீன் என்று ஒன்று வருமாம், உடம்புக்கு ஆகாதாம், அது இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுப்போம், நியாயமாகவே கொடுப்போம். உள்ளூர் ஆர்டருக்கு யார் கேட்கிறார்கள்? ஏழெட்டு வருடம் முன்புவரை லேபிள் கிழித்த டிரம்மில் ஒரு சிவப்புப் பொடி வரும். விலை பாதி. பளீரென்று பிடிக்கும். என்ன பொடி என்று முதலாளி சொல்ல மாட்டார், நானும் கேட்க மாட்டேன். அள்ளி நிறுத்துப் போட்டது இந்தக் கைதான். மூக்குக்கு ஒரு துண்டுகூடக் கட்டியதில்லை. பொடி காலரில் இருக்கும், பாக்கெட்டில் இருக்கும், காதுமடலில் இருக்கும். அப்படியே வண்டியேறி வீட்டுக்கு வருவேன்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. ஒரு தும்மல்கூட வரவில்லை. கல்லுக் குண்டு மாதிரி இருக்கிறேன்.

அந்த ஆராய்ச்சிப் பெண் என்ன சொன்னாள்? தோலில் படுவது கொழுப்பில் போய்த் தங்கிவிடும் என்றாள். உறுதியாகத் தெரியாது என்றும் சொன்னாள். அந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்.

சாரதாவிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னது பொய் என்பது அவளுக்குத் தெரியும். எதற்காகச் சொன்னேன், அந்தப் பொடி என்ன என்பதை நான் என் வாயால் சொல்ல வேண்டும். மன்னித்துவிடு என்று கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 29, புதன்

மூன்றாவது கீமோ. பிருந்தா கூட்டிப்போனாள். பட்டறையில் அவசர ஆர்டர், எனக்கு லீவு இல்லை என்று சொன்னேன். லீவு கேட்கவே இல்லை.

செப்டம்பர் 7, வெள்ளி

இன்று சொல்லிவிடுவது என்று கஞ்சியோடு போய் உட்கார்ந்தேன்.

"சாரதா, ஆஸ்பத்திரில அன்னிக்கு அந்தப் புள்ள ஃபாரம் எழுதுச்சல்ல..."

"கஞ்சி ஆறிப் போயிருமுங்க. ஊட்டி உடுங்க."

ஊட்டினேன். மறுபடி ஆரம்பித்தேன்.

"அந்தச் சட்டையெல்லாம் நீதான..."

"ஏனுங், பிருந்தாவுக்கு எந்த ஊருல மாப்பிள்ளை பாக்கலாம்? திருப்பூருல மட்டும் வேண்டாமுங்க. கரூருலயும் வேண்டாம்."

ஏன் வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. எனக்கென்ன தெரியாதா? இரண்டுமே சாயத்து ஊர். எழுந்து போய்த் தட்டைக் கழுவினேன்.

அக்டோபர் 16, செவ்வாய்

கல்லீரலுக்குப் போய்விட்டது. முதல் ஸ்கேனிலேயே ஒரு சந்தேகப் புள்ளி இருந்ததாம். இனி மருந்து மாற்றிப் பார்க்கலாம், ஆனால் எதிர்பார்க்க வேண்டாம் என்றார் டாக்டர். அவர் சின்ன வயசுக்காரர், சொல்லிவிட்டு எழுந்து சாரதாவுக்குத் தானே கதவைத் திறந்துவிட்டார். அவர்மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன், அதற்கும் வழியில்லை.

பஸ்ஸில் வரும்போது சாரதா என் தோளில் சாய்ந்திருந்தாள். முப்பத்தெட்டு கிலோ. ஐந்நூறு கிலோ துணி ஏற்றுகிற மெஷின்முன் நிற்பவனுக்கு முப்பத்தெட்டு கிலோ தாங்க முடியவில்லை.

நவம்பர் 6, செவ்வாய்

தீபாவளி. அவளுக்குக் கண்ணெல்லாம் மஞ்சள். பட்டாசுச் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப் போடுகிறது என்று ஜன்னலைச் சாத்தினேன்.

மூன்றாம் முறையாகச் சொல்லப் போனேன். இந்தத் தடவை காலைப் பிடித்துக்கொண்டேன், தப்ப விடக் கூடாது என்று. கால் வீங்கி, விரல் வைத்தால் குழி விழுந்தது.

"சாரதா, நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிப்போட்டேன்."

கண்ணைத் திறந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"என்னாத்துக்கு இப்ப அதெல்லாம்? புள்ளைய எண்ணெய் தேச்சுக் குளிக்கச் சொல்லுங்க. நல்ல நாளு."

"இல்ல, நீ கேளு."

"எனக்கு வலிக்குதுங்க" என்றாள்.

வலிக்கிறவளிடம் என்ன பேசுவது? மாத்திரையைக் கொடுத்தேன். தூங்கிவிட்டாள். நிஜமாகவே வலித்ததா என்று இப்போது யோசிக்கிறேன். சீ, என்ன புத்தி எனக்கு.

நவம்பர் 21, புதன்

காலை ஆறே காலுக்கு.

நவம்பர் 22, வியாழன்

மார்பில் வலப்பக்கம்தான் கொஞ்சம் சூடு இருந்தது என்று நேற்று அவளைக் குளிப்பாட்டிய பெண்கள் சொன்னார்கள். ஏன் என்னிடம் அதைச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

டிசம்பர் 5, புதன்

கருமாதி எல்லாம் முடிந்து பிருந்தா ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். இனி மருந்து எழுத வேண்டியதில்லை, ஆனாலும் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். சமைத்தேன், இரண்டு பேருக்கு வடித்துவிட்டேன். வேலைக்குப் போகவில்லை. முதலாளி நான்கு தடவை போன் செய்தார், எடுக்கவில்லை.

அவளிடம் சொல்லவில்லை. சொல்ல முடியாமலே போய்விட்டது. ஃபாரத்திலாவது உண்மை இருக்கட்டும். சாயத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை என்று என் பேச்சைக் கேட்டு அந்தப் பெண் எழுதி வைத்திருக்கிறாள். அந்தப் பொய்யோடு சேர்த்து அவள் சதையை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு வைத்திருக்கிறார்கள். நாலு பேத்துக்கு ஆகட்டும் என்றுதானே கொடுத்தாள்? போக வேண்டும். போய்த் திருத்த வேண்டும்.

டிசம்பர் 17, திங்கள்

போனேன்.

ஆராய்ச்சிக் கூடம் நான்காவது மாடி. ஆக்னஸுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. ஆன்ட்டி எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாள். சொன்னேன். அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, என் எதிரில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு நான் சொன்னது பொய்யுங்க" என்றேன். "நான் மேனேஜர் இல்ல. டையிங் மாஸ்டரு. முப்பது வருசமா சாயத்துலதான் நிக்கறேன். லாண்டரியும் கிடையாது. என்ற சட்டைய அவதான் துவைச்சா, கையால, நெதமும். பேர் தெரியாத பொடியெல்லாம் அதுல இருந்துச்சு. மாசு ஆபீசுக்குப் போயிருமோன்னு பயந்துட்டு மறைச்சுட்டேன். அதத் திருத்தி எழுதிக்க கண்ணு."

ஒரே மூச்சில் சொன்னேன். ஆறு மாதமாக அவளிடம் சொல்ல வேண்டியதை இந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன்.

"அவளோட சதையில என்ன தெரிஞ்சுது?"

"தனித்தனியா முடிவு சொல்லக் கூடாது அங்கிள். பொதுவா சொல்லுதேன். டி.என்.ஏ. உடைஞ்சிருந்தா அந்தச் செல்லுக்குப் பின்னால ஒரு வால் மாதிரி தெரியும். சாயத்துப் பக்கமே போகாதவங்க, கேன்சரே வராதவங்க, அவங்க திசு வச்சுப் பார்த்தாலும் வால் வருது. எதனால வருதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியல்ல. ஒருத்தரோட திசுவ வச்சு, இதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"என்னால இல்லன்னு சொல்ல முடியுமா?"

"அதையும் சொல்ல முடியாது அங்கிள்."

"ரெண்டுல ஒன்னச் சொல்லு சாமி. எதுன்னாலும் தாங்கிக்கறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தாள். காட்டுவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

"நீங்க திருத்த வேண்டியதில்ல. ஆன்ட்டியே வந்து திருத்திட்டாங்க. மூணாவது கீமோ அன்னைக்கு, மாடிப்படி ஏற முடியாம, லிஃப்டு வேற ரிப்பேரு, மக கையப் பிடிச்சிட்டு வந்தாங்க. மகளை வெளிய உக்கார வச்சிட்டுத்தான் பேசினாங்க. 'அவரு பொய் சொல்ற மனுசன் இல்ல கண்ணு, பயந்துட்டாரு'ன்னாங்க. 'நான் இருக்கற வரைக்கும் அவருக்குத் தெரிய வேண்டாம், தெரிஞ்சா என் முகத்தைப் பார்க்க மாட்டாரு'ன்னாங்க."

அவள் முகத்தை நான் பார்த்தேனா? கஞ்சியைப் பார்த்தேன், பாட்டிலைப் பார்த்தேன், ஃபேனைப் பார்த்தேன்.

ஆக்னஸ் ஃபைலைத் திருப்பி என் பக்கம் வைத்தாள். ஆக்னஸின் எழுத்து, அடியில் சாரதாவின் கோணல் கையெழுத்து. கணவர் தொழில்: டையிங் மாஸ்டர். எத்தனை வருடம்: கல்யாணத்துக்கு முன்பிருந்தே. என்னென்ன நிறங்கள் என்ற இடத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. மெரூன், நேவி புளூ, பாட்டில் கிரீன், கறுப்பு, அந்தப் பளீர்ச் சிவப்பு. எந்த வருடம் எந்த நிறத் தண்ணீர் வடிந்தது என்று என்னைவிட நன்றாகச் சொல்லியிருக்கிறாள். கைக்கு உறை உண்டா: இல்லை. பால் கொடுத்த நாட்களிலும் துவைத்தீர்களா: ஆம்.

கடைசிக் கேள்வி, வீட்டில் துவைப்பது யார். அதற்கு எழுதியிருந்ததை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

"நான் மட்டும். கணவர் தானே துவைத்துக்கொள்வதாகப் பல தடவை கேட்டார். நான்தான் விடவில்லை."

இரண்டு தடவை படித்தேன்.

"இந்த வரி தப்பும்மா" என்றேன். "இத அடிச்சுரு."

"அது அவங்க சொன்ன வார்த்தை அங்கிள். கையெழுத்துப் போட்டிருக்காங்க. அத நான் அடிக்கக் கூடாது."

"பொய்யி கண்ணு அது."

"ஆராய்ச்சிக்கு அந்த வரி தேவையே இல்லன்னு அன்னைக்கே சொன்னேன். எழுதித்தான் ஆகணும்னு உக்காந்திருந்தாங்க."

எப்படி இறங்கி வந்தேன், எந்த பஸ்ஸில் ஏறினேன் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். அந்த ஃபாரம் அங்கேயே இருக்கும். நாளைக்கு யார் எடுத்துப் படித்தாலும், சாரதாமணியின் புருஷன் நல்ல மனுஷன், பாவம் கேட்டுப் பார்த்திருக்கிறான், அவள்தான் விடவில்லை என்று நினைப்பார்கள்.

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை.